அபினி அடிமைத்தனத்துக்கு மருந்து உண்டா?

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். காலில் தைத்த கருவேல முள்ளை எடுக்க இன்னொரு முள்ளைத் தேடுகிறோம். எடுத்து முடிந்ததும் இரண்டு முட்களையும் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

இப்போது இதைக் கேளுங்கள். ஹெராயின் என்னும் போதைப் பொருளுக்கு அடிமையான ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளை மருத்துவர் தம் கையாலேயே கொடுக்கிறார். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. தினந்தோறும், ஆண்டுக் கணக்கில்! இங்கே இரண்டாவது முள் காலிலேயே தங்கிவிடுகிறது அல்லவா? "இது என்ன வைத்தியம்? ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையை வைப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. 1960-களில் அமெரிக்க அரசு அதிகாரிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். விடை சொல்லக் கொஞ்சம் வேதியியலும், கொஞ்சம் உடலியலும், பத்தாம் வகுப்புக் கணக்கும் வேண்டும்.

கசகசாச் செடியின் பால்

குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கிறோமே கசகசா, அது அபினிச் செடியின் விதைதான். பயப்பட வேண்டாம், விதையில் சொல்லத்தக்க போதை கிடையாது. முற்றாத காயின் தோலைக் கீறினால் பால் வடியும். அது உலர்ந்து பழுப்பு நிறப் பிசினாகும். அதுவே அபினி. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மருந்துத் தேவைக்காக அரசின் உரிமம் பெற்று இச்செடியைப் பயிரிடுகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக் கடைக்காரர் அபினியிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை ஒட்டி அதற்குப் பெயரும் வைத்தார். அதுவே மார்ஃபின். இன்றும் புற்றுநோயாளியின் கடும் வலிக்கு அதைவிடச் சிறந்த மருந்துகள் அதிகம் இல்லை. 1874-இல் ஆல்டர் ரைட் என்பவர் இலண்டனில் மார்ஃபினுடன் இரண்டு அசெட்டைல் தொகுதிகளைச் சேர்த்தார். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அந்தப் பொருளை 'ஹெராயின்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? இருமலுக்கு!

அசெட்டைல் தொகுதிகளைச் சேர்த்ததால் என்ன நடந்தது? மூலக்கூறு கொழுப்பில் எளிதில் கரையக் கூடியதாயிற்று. மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்ச் சுவர்கள் கொழுப்பில் கரைவனவற்றுக்கு எளிதில் வழிவிடும். எனவே ஊசியில் ஏற்றிய ஹெராயின் சில விநாடிகளில் மூளையை அடைந்து, அங்கே மார்ஃபினாக மாறுகிறது. மார்ஃபின் மெல்ல நடந்து வரும் இடத்துக்கு ஹெராயின் ஓடி வருகிறது. இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நியூயார்க்கில் நடந்த சோதனை

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஹெராயின் பழக்கம் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போனது. அக்காலத்தில் இதை ஒரு நோயாகப் பலரும் கருதவில்லை. குற்றம் என்றார்கள்; மன உறுதி இல்லாமை என்றார்கள். கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் 1935 முதல் அரசு ஒரு பெரிய மருத்துவமனையை நடத்திவந்தது. பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்லலாம். அங்கே மாதக் கணக்கில் போதையில்லாமல் இருந்து, உடல் தேறி வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஹெராயினுக்கே திரும்பினார்கள்.

அந்த மருத்துவமனையில் பணியாற்றியவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் டாக்டர் மேரி நிஸ்வாண்டர். போதைக்கு அடிமையானவரை நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்று 1956-இல் அவர் ஒரு நூலே எழுதினார். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த டாக்டர் வின்சென்ட் டோல் அந்த நூலைப் படித்தார். டோல் மனநல மருத்துவர் அல்லர். இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றை ஆராய்ந்து வந்தவர். ஓர் உடல் சுரக்கிற பொருள் குறைந்தாலோ கூடினாலோ என்ன ஆகும் என்ற வழியில் சிந்திக்கப் பழகியவர். இந்தச் சிக்கலுக்கு அப்படிப்பட்ட ஒரு வெளியாள் தேவைப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1964-இல் இருவரும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்து, பல ஆண்டுகளாக ஹெராயினில் மூழ்கியிருந்த சிலரை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார்கள். முதலில் அவர்களுக்கு மார்ஃபினையே கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. ஒரு நாளைக்குப் பல முறை ஊசி போட வேண்டியிருந்தது. அளவையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நோயாளிகளோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது வரும் என்று காத்திருப்பதே வேலையாக இருந்தார்கள்.

சரி, மார்ஃபினைப் படிப்படியாக நிறுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். நிறுத்தும்போது அவதி தெரியாமல் இருப்பதற்காக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மெத்தடோன் அபினியிலிருந்து வந்ததன்று. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மானிய வேதியியலார் சோதனைச் சாலையிலேயே தொகுத்த வலிநீக்கி. போர் முடிந்தபின் அமெரிக்காவுக்கு வந்தது. சில நாட்கள் கொடுத்து, அளவைக் குறைத்து, நிறுத்திவிடுவதே அன்றைய வழக்கம். ஆனால் இந்த நோயாளிகள் பெருமளவு மார்ஃபினில் இருந்தவர்கள். ஆகவே மெத்தடோனையும் அதிக அளவில் தொடங்க வேண்டியிருந்தது. சில வாரங்கள் தொடரவும் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்த மாறுதல் தெரிந்தது. ஒருவர் படம் வரையத் தொடங்கினார், நன்றாகவே வரைந்தார். இன்னொருவர், விட்டுப் போன உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று மருத்துவர்களை நச்சரித்தார்! அடுத்த ஊசியைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. நாளுக்கு ஒரு தடவை, ஆரஞ்சுச் சாற்றில் கலந்து குடிக்கும் மருந்து, அவ்வளவுதான். அளவைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இதற்கு மேல் இன்னொரு வியப்பு. மெத்தடோன் நிலையாக உள்ளே இருந்தபோது, சோதனைக்காக ஹெராயினை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். வழக்கமான கிளர்ச்சி வரவில்லை.

1965 ஆகஸ்டில் 22 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் திரும்பியதையும், குடும்பத்தாருடன் ஒன்றுசேர்ந்ததையும் அதில் எழுதியிருந்தார்கள். பக்கவிளைவு என்று பார்த்தால் மலச்சிக்கல்தான் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. மருந்து மட்டும் போதாது, கூடவே ஆலோசனையும் வாழ்வுக்கு வழி காட்டும் உதவியும் அவசியம் என்றும் அவர்கள் சொன்னார்கள். போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அடிமையானவருக்கு மருத்துவர் இத்தகைய பொருளைத் தொடர்ந்து கொடுப்பது அன்றைய சட்ட விளக்கத்தின்படி தவறு. டோல் அஞ்சவில்லை, வழக்குப் போடுவதானால் போடுங்கள் என்ற தோரணையில் தம் வேலையைத் தொடர்ந்தார்.

மெத்தடோன் ஏன் வேலை செய்கிறது என்பது அன்று முழுமையாக யாருக்கும் தெரியாது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூளைக்குள் ஒரு பூட்டு

மார்ஃபின் போன்ற வேலையைச் செய்யும் சில செயற்கை மருந்துகள் இரண்டு வடிவங்களில் கிடைக்கும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆனால் ஒரு வடிவம் வலியைப் போக்கும். மற்றது அவ்வேலையைச் செய்யாது. வலக்கைக் கையுறை இடக்கையில் ஏறாது அல்லவா? அப்படியானால் மூளையில் அந்த மூலக்கூறு சென்று பொருந்தும் ஓர் இடம், ஒரு 'கை', இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தார்கள். 1973-இல் அமெரிக்காவில் பால்டிமோரில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அந்த இடங்கள் இருப்பதை மெய்ப்பித்தார்கள். இவற்றை ஏற்பிகள் என்கிறோம்.

எங்கோ வயலில் வளரும் ஒரு செடியின் பாலுக்காக நம் மூளை பூட்டுச் செய்து வைத்திருக்குமா? இருக்காது. உடலே ஒரு சாவியைச் செய்துகொள்ள வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளைகளிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. என்கெபாலின் என்று பெயரிட்டார்கள். வலியையும் பதற்றத்தையும் மட்டுப்படுத்த உடல் தானே சுரக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. மார்ஃபின் என்பது அந்தப் பூட்டுக்குப் பொருந்திவிட்ட கள்ளச் சாவி.

கள்ளச் சாவி நாள்தோறும் பூட்டைத் திறந்துகொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பாருங்கள். மூளைத் தண்டில், லத்தீனில் 'நீல இடம்' என்று பொருள்படும் பெயருடைய சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் நரம்புச் செல்கள் நார் அட்ரினலினைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. ஹெராயின் இச்செல்களை அடக்குகிறது. செல்களோ விடாமல் எதிர்ப் பக்கம் இழுக்கின்றன. நாளாக ஆக வலுவாக இழுக்கக் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. இதுவே தாங்குதிறன் கூடுவது. ஒரு நாள் ஹெராயின் கிடைக்கவில்லை. எதிர்த் தரப்பு கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டது. இழுத்துக்கொண்டிருந்தவன் என்ன ஆவான்? மல்லாந்து விழுவான். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைகளில் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும். மருத்துவர்கள் இவற்றை விலகல் அறிகுறிகள் என்பார்கள். இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, ஒரு வாரம் பத்து நாட்களில் தணியும்.

ஒரு வாரப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டால் தீர்ந்தது அல்லவா என்று கேட்பீர்கள். லெக்சிங்டன் காட்டிய பாடம் இதற்குத்தான். அவதி அடங்கிய பிறகும் ஏக்கம் அடங்குவதில்லை. பழைய தெருவைப் பார்த்தால், பழைய நண்பனைக் கண்டால் அது கிளம்பிவிடும். இதில் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. போதையில்லாமல் சில வாரங்கள் இருந்ததால் தாங்குதிறன் இறங்கிவிட்டது. அது தெரியாமல் ஒருவர் பழைய அளவை ஏற்றிக்கொண்டால், மூளைத் தண்டில் மூச்சை இயக்கும் பகுதி செயலிழந்து மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் போதை நீக்கும் விடுதிகளிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் பலர் இறந்துபோவது இதனால்தான்.

இப்போது கணக்கு

மெத்தடோனும் அதே பூட்டில்தான் பொருந்துகிறது. அப்படியிருக்க, ஹெராயின் ஒருவரை நாற்காலியில் முடக்குகிறது, மெத்தடோன் பள்ளிக்கு அனுப்புகிறது, எப்படி? இரகசியம் பெருமளவு வேகத்தில் இருக்கிறது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் படித்திருப்பீர்கள். மருந்துகளுக்கும் அது உண்டு. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அதன் அரை ஆயுள். மார்ஃபினுக்கு 2 முதல் 3 மணி. மெத்தடோனுக்குச் சராசரியாக ஏறத்தாழ 24 மணி.

காலை 8 மணிக்கு 30 மி.கி. மார்ஃபின் உடலில் இருக்கிறது, அரை ஆயுள் 3 மணி என்று கொள்வோம். மறுநாள் காலை 8 மணிக்குள் எட்டு அரை ஆயுள்கள் கழிந்துவிடும். மிஞ்சுவது 256-இல் ஒரு பங்கு. அதாவது சுமார் 0.12 மி.கி. பெயருக்குத்தான் இருக்கிறது. நாளுக்கு மூன்று நான்கு முறை உச்சிக்குப் போய்ப் பள்ளத்தில் விழுவதே அடிமையானவரின் வாழ்க்கை. கயிறு ஓயாமல் இழுபட்டு, விடுபட்டு, இழுபடுகிறது.

மெத்தடோனைப் பாருங்கள். முதல் நாள் 30 மி.கி. மறுநாள் அதில் 15 மிஞ்சும். அன்றைய 30 சேர்ந்து 45. மூன்றாம் நாள் 22.5-உடன் 30 சேர்ந்து 52.5. நான்காம் நாள் 56.25. ஐந்தாம் நாள் 58.125. எங்கே போய் நிற்கும்? பெருக்குத் தொடரின் கூடுதல் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடலாம். முதல் உறுப்பு 30. பொது விகிதம் 1/2. முடிவிலித் தொடரின் கூடுதல் 60. ஆகவே சில நாட்கள் கழித்து, மருந்து குடித்தவுடன் 60, மறுநாள் குடிப்பதற்கு முன் 30. இந்த இரண்டுக்கும் இடையில்தான் அளவு நாள் முழுதும் மெல்ல ஏறி இறங்கும், ஒருபோதும் வற்றுவதில்லை. அதோடு, குடிக்கும் மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து உச்சத்தை எட்ட 2 முதல் 4 மணி ஆகிறது. ஹெராயின் ஊசி ஏரிக்கரை உடைந்து பாயும் வெள்ளம் என்றால், இது வாய்க்கால் வழியே ஏரி நிரம்புவது. மூளைக்குக் கிளர்ச்சி கொடுப்பது நீரின் அளவு மட்டுமன்று, அது ஏறும் வேகமும்தான். கயிறு ஒரே இறுக்கத்தில் நிற்பதால் யாரும் மல்லாந்து விழுவதுமில்லை.

இதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்கிறது. மெத்தடோனை உடல் அகற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும். ஒருவருக்கு அரை ஆயுள் 48 மணி என்றால் ஒரு நாளில் சுமார் 0.707 பங்கு மிஞ்சும். கூடுதலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 102 மி.கி.-க்கும் மேல்! முதல் நாள் பாதுகாப்பாக இருந்த அதே 30 மி.கி. ஒரு வாரத்தில் ஆபத்தாக முடியலாம். ஆகையால் மருத்துவர் குறைவாகத் தொடங்கி, நாட்கள் இடைவெளி விட்டு, நோயாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார். நிலைபெற்ற பிறகு பலருக்கு நாளுக்கு 60 முதல் 120 மி.கி. தேவைப்படுகிறது. பழக்கமில்லாத ஒருவரை அந்த அளவு கொன்றுவிடும். வீட்டில் வைத்திருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டிவிடுமே என்பதால், செவிலியர் முன்னிலையிலேயே குடித்துவிட்டுப் போகும்படி பல நாடுகளில் விதி உண்டு.

பாதி திறக்கும் சாவி

தினமும் மருந்தகத்துக்கு வந்து வரிசையில் நிற்பது எளிதன்று. வேலைக்குப் போகிறவருக்கு அது பெருந்தொல்லை. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து என்ற கவலை வேறு. இந்த இரண்டையும் குறைத்தது புப்ரினார்ஃபின். 1966-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜான் லூயிஸ் குழுவினர் அபினியில் உள்ள தெபேன் என்ற பொருளிலிருந்து இதை உருவாக்கினார்கள். வலிநீக்கியாகத்தான் உருவாக்கினார்கள். அடிமைத்தனச் சிகிச்சைக்கும் உதவக்கூடும் என்று 1978-இல் லெக்சிங்டனில் இருந்த ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள்.

மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபினும் மெத்தடோனும் அதை 5 வரை திருப்பக் கூடியவை. புப்ரினார்ஃபின் 2 அல்லது 3-க்கு மேல் திருப்பாது. மாத்திரையை இரண்டு மடங்காக்கினாலும் விசிறி அதற்கு மேல் சுழலாது. இதனால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மட்டும் இந்தக் காப்பு உடைந்துவிடும்.

இன்னொரு குணம், இது பூட்டை விட்டு எளிதில் அகலாது. ஹெராயின் வந்தாலும் இடம் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உடலில் ஹெராயின் நிறைந்திருக்கும்போதே இதைக் கொடுத்தால், பூட்டில் இருந்த ஹெராயினைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். 5-இல் ஓடிய விசிறி திடீரென்று 2-க்கு இறங்கிவிடும். நோயாளி கடும் அவதிக்கு ஆளாவார். எனவே விலகல் அறிகுறிகள் தொடங்கும்வரை காத்திருந்து முதல் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். மாத்திரையை விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். பிரான்சில் 1996 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இதை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஹெராயின் மிகையால் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

மூன்றாவதாக நால்ட்ரெக்சோன். இது பூட்டில் பொருந்தும், ஆனால் திறக்காது. முறிந்த சாவி போல் அடைத்துக்கொள்ளும். போதை சிறிதும் தராதது என்பதால் பெற்றோருக்கும் அதிகாரிகளுக்கும் பிடித்த மருந்து. ஆனால் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாட்கள் போதையின்றி இருக்க வேண்டும். அந்தப் பத்து நாட்களைத் தாண்டுவோர் குறைவு.

நாற்பது பேர்

இந்த மருந்துகள் உண்மையிலேயே உதவுகின்றனவா, அல்லது மருத்துவரின் அன்பும் ஆலோசனையும்தான் உதவுகின்றனவா? இதைச் சோதிக்கச் சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. ஹெராயினுக்கு அடிமையான 40 பேரைக் குலுக்கல் முறையில் இருபது இருபதாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு முழுதும் தினசரி புப்ரினார்ஃபின். மற்றப் பிரிவுக்கு ஆறு நாட்களில் அளவைக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மற்றபடி இரு பிரிவுக்கும் ஒரே கவனிப்பு: குழு ஆலோசனை, வாரந்தோறும் தனி ஆலோசனை, வாரம் மூன்று முறை சிறுநீர்ச் சோதனை. ஆலோசனையில் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓராண்டு முடிவில் மருந்து பெற்ற 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட நீடிக்கவில்லை. அந்த இருபது பேரில் நால்வர் இறந்துபோனார்கள். மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பின்னர் பல நாடுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கில் எடுத்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. மெத்தடோன் சிகிச்சையில் உள்ளபோது நேரும் இறப்பு, சிகிச்சையை விட்டபின் நேர்வதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இரண்டாவது முள் காலிலேயே இருக்கிறதே? ஆம், இருக்கிறது. மெத்தடோனை நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வரும். உடல் அதைச் சார்ந்திருக்கிறது. ஆனால் சார்ந்திருப்பதும் அடிமையாயிருப்பதும் ஒன்றல்ல. பொருளைத் தேடி அலைவதும், திருடுவதும், வேலையையும் வீட்டையும் இழந்த பிறகும் நிறுத்த முடியாமல் தவிப்பதும் அடிமைத்தனத்தின் அடையாளங்கள். டோல் இதைச் சர்க்கரை நோயாளியின் இன்சுலினோடு ஒப்பிட்டார். அந்த ஒப்புமையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அடிமையானவரின் உடலில் ஏதோ ஒரு பொருள் நிலையாகக் குறைந்துவிட்டது என்று அவர் கருதினார். அது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் ஒப்புமை முழுதும் பொருந்தாவிட்டாலும் சிகிச்சை பொருந்துகிறது. எத்தனை காலம் மருந்து வேண்டும் என்பதற்கும் ஒரே விடை கிடையாது. சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்லக் குறைத்து விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுதும் வேண்டியிருக்கிறது. கெடு வைத்து நிறுத்தச் சொன்னால் பெரும்பாலோர் மீண்டும் சறுக்குகிறார்கள்.

நம் நாட்டிலும் இச்சிகிச்சை உண்டு. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, அபினி வகைப் பொருள்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 இலட்சம் பேர். டெல்லியில் 1993-லேயே ஒரு தொண்டு நிறுவனம் நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபினைக் கொடுக்கத் தொடங்கியது. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவியது. ஊசியை விட்டவருக்கு அந்த வழியில் கிருமி வராது அல்லவா? அந்தக் காரணத்தால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே இச்சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2012-இல் மெத்தடோனும் சோதனை முறையில் வந்தது.

நீங்களே போட வேண்டிய கணக்கு

நலாக்சோன் என்றொரு மருந்து இருக்கிறது. நால்ட்ரெக்சோனின் நெருங்கிய உறவு. அபினி வகைப் பொருள் மிகையாகி மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கு இதை ஊசியாகவோ மூக்கில் தெளித்தோ கொடுத்தால், பூட்டுகளிலிருந்து அந்தப் பொருளைத் தள்ளிவிட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சைத் திரும்ப வரவழைக்கும். கண் விழித்தவர் பெரும்பாலும், "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்துவிடுவார்.

அவர் தவறுதலாக மெத்தடோனை மிகையாகக் குடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். நலாக்சோனின் அரை ஆயுள் ஏறத்தாழ 1 மணி. மெத்தடோனுக்கு 24 மணி. மூன்று மணி நேரம் கழித்து நலாக்சோனில் எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும்? மெத்தடோனில் எத்தனை பங்கு? இரண்டு விடைகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, எத்தனை மணி நேரம் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விவாதியுங்கள்.